படியும் போலியும்: ஒரு கடிகார வரலாறு

பழங்கடிகாரங்களைத் தேடித் திரட்டுவதும், மறைந்துபோன கடிகாரங்களைப் பழைய அமைப்பிலேயே மீண்டும் செய்வதும் செல்வர்தம் வீண் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உண்டு. பொன்னால் இழைத்த ஒரு கருவியை இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் செய்வதால் உலகுக்கு என்ன பயன் என்று அவர்கள் வினவுகின்றனர். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்வதில் இருவகை உண்டு. ஒன்று படி, மற்றொன்று போலி. இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு எது என்பதைக் கடிகார வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஏட்டில் வாழும் கைக்கடிகாரம்

சுவிட்சர்லாந்தின் நொசாத்தெல் நகரில் 1747-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆபிரகாம் லூயி பிரெகே. 1775-இல் பாரிசு மாநகரில் தொழிற்கூடம் நிறுவிய இவர், ஐரோப்பிய அரச குடும்பங்கள் பலவற்றுக்குக் கடிகாரம் செய்தளித்தார். நெப்போலியனின் தங்கையும் நேப்பிள்ஸ் நாட்டு அரசியுமான கரோலின் மூரா, கையில் அணியத்தக்க கடிகாரம் ஒன்று வேண்டுமென 1810-ஆம் ஆண்டு சூன் திங்கள் 8-ஆம் நாள் இவரிடம் பணித்தார். 2639 என்னும் எண் பெற்ற அக்கடிகாரம் 1812-இல் நிறைவெய்தியது. நீண்டுருண்ட வடிவம், மணியொலித்து நேரம் சொல்லும் பொறி, ஒரு வெப்பமானி, பொன்னிழையோடு பின்னிய மயிரால் ஆன கைப்பட்டை ஆகிய இவை யாவும் அதற்கு இருந்தன. சான்றுள்ள கைக்கடிகாரங்களுள் இதுவே முதலாவது என்பர் பிரெகே நிறுவனத்தார்.

ஆனால் அக்கடிகாரம் இன்று எங்குளது என்று அறிந்தார் எவருமிலர். 1849-இலும் 1855-இலும் பழுதுபார்க்க வந்ததாக நிறுவனத்தின் ஏடுகள் கூறுகின்றன. அதன்பின் செய்தி இல்லை. 2002-இல் அந்நிறுவனம் நேப்பிள்ஸ் அரசியின் பெயரால் மகளிர் கைக்கடிகாரங்களைச் செய்து வெளியிட்டது. எனினும் அவற்றைப் படி என்று கூறுதல் பொருந்தாது. மூலத்தின் உருவம் வரைபடமாக எஞ்சவில்லை. ஆகவே அவை கற்பனையில் பிறந்த புதுமைகளே. ஏடு எவ்வளவு கூறுகிறதோ அவ்வளவே மீட்க இயலும் என்னும் முதற்பாடத்தை இதனின்று அறிகின்றோம்.

அரசி காணாத கடிகாரம்

இனி, ஏடும் வரைபடமும் எஞ்சிய மற்றொரு கடிகாரத்தைக் காண்போம். அது கையில் அணிவதன்று, சட்டைப்பையில் வைத்துக்கொள்வது. ஆயினும் கடிகாரம் திரட்டுவோர் எவரும் அதன் கதையை அறிவர். 1783-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு அரசி மாரி அந்துவானெத்தின் காவற்படை அலுவலர் ஒருவர், அரசிக்கென ஒரு கடிகாரம் செய்யுமாறு பிரெகேயிடம் பணித்தார். அந்நாளில் அறியப்பட்ட நுட்பங்கள் யாவும் அதில் இடம்பெற வேண்டும். இயன்ற இடமெல்லாம் பிற உலோகத்துக்கு மாறாகப் பொன்னே பயன்பட வேண்டும். விலைக்கும் வரம்பில்லை, காலத்துக்கும் வரம்பில்லை என்பதே கட்டளை.

கடிகாரம் காத்திருந்தது, காலம் காத்திருக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. 1793 அக்டோபரில் அரசி கொலைக்களத்தில் உயிர்நீத்தார். பிரெகேயும் அவ்வாண்டில் பாரிசை விட்டகன்று தாயகம் சேர்ந்து, 1795-இல் மீண்டார். 1823-இல் அவரும் மறைந்தார். கட்டளையிட்டு 44 ஆண்டுகள் கழிந்தபின், 1827-இல்தான் 160 என்னும் எண்ணுடைய அக்கடிகாரம் முற்றுப்பெற்றது. 823 உறுப்புகளால் ஆன அதன் குறுக்களவு 63 மில்லிமீட்டர். அணிந்தவர் அசைவாலேயே தனக்குத் தானே சாவி முடுக்கிக்கொள்ளும் பொறி, மாதங்களின் நாட்கணக்கையும் மிகுநாளாண்டையும் தானே அறிந்து நடக்கும் நாட்காட்டி, சூரிய நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் முள் ஆகியன அதன் சிறப்புகளுட் சில.

திரட்டியவரும் திருடியவரும்

இங்கிலாந்து நாட்டு அறிவியலறிஞர் சர் டேவிட் சாலமன்ஸ் 1917-இல் இக்கடிகாரத்தை விலைக்கு வாங்கினார். பிரெகேயின் கடிகாரங்களை நூற்றுக்கு மேல் திரட்டியதோடு நில்லாமல், அவற்றை ஆராய்ந்து 1921-இல் ஒரு நூலும் வெளியிட்டார். பொருளைப் பூட்டிவைப்பவன் செல்வன். அதன் செய்தியைப் பிறர்க்குத் தருபவனே திரட்டுவோன். அவர் மகளார் வேரா, தந்தையிடமிருந்து தமக்கு வந்த கடிகாரங்களைத் தாம் எருசலேமில் நிறுவிய எல். ஏ. மாயர் இஸ்லாமியக் கலைக்கூடத்துக்கு வழங்கினார். அது 1974-இல் திறக்கப்பெற்றது.

1983 ஏப்ரலில், ஓரிரவில், அக்கலைக்கூடத்தினின்று 106 கடிகாரங்கள் களவு போயின. 160-ஆம் எண்ணும் அவற்றுள் ஒன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது கிட்டவில்லை.

படியின் பிறப்பு

பிரெகே நிறுவனத்தைத் தம் குழுமத்தில் சேர்த்துக்கொண்டிருந்த நிக்கலஸ் ஹாயெக், 2005-இல் அக்கடிகாரத்தை மீண்டும் செய்யுமாறு தம் தொழிலர்களைப் பணித்தார். மூலத்தைக் கண்ணால் காணும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. நிறுவனத்தின் பழைய ஆவணங்கள், பாரிசு அருங்காட்சியகத்தில் இருந்த வரைபடங்கள், களவுக்கு முன் எடுத்த ஒளிப்படங்கள் ஆகிய இவற்றையே துணையாகக் கொண்டு, மறைந்துபோன நுட்பங்களை ஒவ்வொன்றாகக் கற்றுத் தேர்ந்தனர். 2003-ஆம் ஆண்டின் கொடு வெயிலில் பட்டுப்போன வெர்சேல்சு அரண்மனைத் தோட்டத்து ஓக் மரத்தால் அதற்குப் பேழை அமைந்தது. 2008-இல் பாசல் நகரில் அப்படி உலகோர் முன் வைக்கப்பெற்றது.

இதனிடையே வியப்பொன்று நிகழ்ந்தது. திருடியவன் இறந்தபின், 2006-இல் மூலக் கடிகாரமே கலைக்கூடத்துக்குத் திரும்பி வந்தது! மூலம் கிடைத்துவிட்டபின் படி வீணாயிற்றோ? ஆகவில்லை. மூலம் வந்திராவிடினும் அக்கலை அழியாதிருக்கும் என்பதைப் படி மெய்ப்பித்துவிட்டது. பொருளை மீட்டது நற்பேறு. கலையை மீட்டது உழைப்பு.

பிரிக்கும் கோடு

அப்படிக்கு இட்ட எண் 160 அன்று, 1160. இவ்வோர் இலக்கத்திலேயே நாம் தேடிய விடை அடங்கியுள்ளது. நம் முன்னோர் ஏடு பெயர்த்தெழுதிய காலத்தில், எழுதி முடித்தவர் தம் பெயரையும் நாளையும் இறுதியில் குறித்துவைக்கும் வழக்கம் இருந்தது. அக்குறிப்பு நூலின் பெருமையைக் குறைக்கவில்லை; காத்தது. தான் படி என்று தானே சொல்வது படி. மூலம் நானே என்று பொய்யுரைப்பது போலி.

பிரெகே வாழ்ந்த நாளிலேயே அவர் பெயரிட்ட போலிகள் மலிந்தன. அதனால் அவர் முகப்பில் மிகச் சிறிய மறைவொப்பம் ஒன்றைப் பொறிக்கலானார். சாய்ந்த ஒளியில் உருப்பெருக்கி கொண்டு நோக்கினாலன்றி அது புலப்படாது. விலை உயர உயரப் போலியும் பெருகும். 2017-இல் நடிகர் பால் நியூமன் அணிந்த ரோலக்ஸ் டேட்டோனா கைக்கடிகாரம் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அவ்வகைக் கடிகாரத்தின் மதிப்பு பெரிதும் அதன் முகப்பைச் சார்ந்தது. ஆதலின் முகப்பை மட்டும் மாற்றி ஏமாற்றுவாரும் தோன்றினர்.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. 1961-இல் பெங்களூரில் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழில் தொடங்கிற்று. 2016-இல் அதை மூட அரசு முடிவு செய்தது. அதன் ஜனதாவையும் பைலட்டையும் இன்று பலர் விரும்பித் தேடுகின்றனர். பழைய பொறிக்குப் புது வண்ணம் பூசிய முகப்பை மாட்டி, அன்று இருந்தது இதுவே என்று விற்போரும் உளர்.

ஆதலின் அன்பர்களுக்கு நாம் வேண்டுவது ஒன்றே. தந்தையார் அணிந்த கடிகாரம் வீட்டில் இருப்பின், அதை வாங்கிய சீட்டையும் பழுதுபார்த்த குறிப்பையும் அதனோடு சேர்த்து வையுங்கள். மங்கிய முகப்புக்கு வண்ணம் பூசாதீர்கள். ஓர் உறுப்பை மாற்ற நேர்ந்தால், மாற்றினோம் என்று நாளிட்டு எழுதிவையுங்கள். அரசி ஒருத்தியின் கைக்கடிகாரம் குறைந்த குறிப்பால் என்றென்றைக்கும் மறைந்தது. மற்றோர் அரசியின் கடிகாரம் நிறைந்த குறிப்பால் இருமுறை பிறந்தது. காலத்தை அளக்கும் கருவியையும் காலத்தினின்று காப்பது உண்மையாக எழுதிய ஏடே ஆகும்.