கால்வானி என்னும் பெயர்

வீடு கட்டுகிறவர்கள் நாள்தோறும் ‘ஜி.ஐ. பைப்’ என்கிறார்கள். கால்வனைஸ்டு அயர்ன் என்பதன் சுருக்கம் அது. துத்தநாகம் பூசிய அந்த இரும்புக்குள் இத்தாலிய மருத்துவர் ஒருவரின் பெயர் ஒளிந்திருக்கிறது. லூயிஜி கால்வானி 1737இல் போலோக்னாவில் பிறந்தவர். அவ்வூரிலேயே உடற்கூறு கற்பித்தவர். அவர் குழாய் எதற்கும் பூச்சுப் பூசியதில்லை. உயிருள்ள உடம்பில் மின்சாரம் இருக்கிறதா என்று தேடிய மனிதர் அவர். அந்தப் பெயர் இன்று புண்ணாற்றும் ஆய்வில் மறுபடி ஒலிப்பதைக் கேட்கும்போது, நெடுநாள் வெளியூரில் இருந்தவர் வீடு திரும்பியது போல எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பித்தளைக் கொக்கியில் கோத்த தவளைக்கால், இரும்புக் கம்பியில் பட்டதும் துடித்தது. அந்தத் துடிப்புக்கான மின்சாரம் விலங்கின் உடம்பிலேயே ஊறுகிறது என்று 1791இல் கால்வானி எழுதினார். பாவியா நகரத்து வோல்டா மறுத்தார்: இருவேறு உலோகங்கள் தொட்டதால் வந்த மின்சாரம் அது, தவளை அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே. கால்வானி உலோகமே இல்லாமல், தவளையின் நரம்பைத் தசையின் மீது படவைத்துத் துடிப்பை வரவழைத்தார். அங்கே மின்னோட்டத்தைத் தந்தது வெட்டுப்பட்ட திசு என்பது பின்னால்தான் தெளிவாயிற்று. புண்ணின் மின்சாரம் அது. 1798இல் அவர் இறந்தார். 1800இல் வோல்டா தம் மின்கலத்தை அறிவித்தார். உலகம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. ‘கால்வனிக்’ என்ற சொல்லும் உலோகங்களின் பக்கம் போய்விட்டது. 1837இல் பிரான்சின் சொரேல் இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்கு அந்தப் பெயரை வைத்தது அதன் தொடர்ச்சி.

வாய்க்குள்ளும் இந்தச் சொல் நுழைந்திருக்கிறது. பல் குழியை உலோகத்தால் அடைத்தவர்கள் அலுமினியத் தாளைத் தெரியாமல் கடித்தால் சுரீர் என்று ஒரு வலி எழும். பல் மருத்துவர்கள் அதைக் ‘கால்வனிக் ஷாக்’ என்பார்கள். இரண்டு உலோகம், நடுவே உமிழ்நீர்: வாயே ஒரு மின்கலம்.

ஆனால் கால்வானி கருதிய மின்சாரம் வாயின் சவ்விலேயே இருக்கிறது. கன்னத்தின் உட்புறச் சவ்வு, தோலைப் போலவே, அயனிகளை ஒரு பக்கமாக நகர்த்தி இரு பக்கங்களுக்கும் இடையே சிறு மின்னழுத்தத்தைக் காத்துவருகிறது. அது கிழிந்தால் அந்த வழியே மின்னோட்டம் கசியும். புண்ணின் நடுப்பகுதி எதிர்மின் முனை போலாகும். சுற்றியுள்ள செல்கள் பல அத்திசை நோக்கி ஊர்ந்து வந்து இடைவெளியை மூடும். இந்த நகர்வுக்குக் ‘கால்வனோடாக்சிஸ்’ என்று பெயர். பெர்லினின் டு புவா-ரேமோன் 1840களிலேயே தம் விரலில் கீறி, புண்ணின் மின்னோட்டத்தை அளந்து காட்டிவிட்டார்.

ஈறுக்கு ஒட்டுவதற்காக மேலண்ணத்தில் திசு எடுத்த இடத்தில், மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால் புண் விரைவில் ஆறுமா என்று ஆய்வாளர்கள் சோதித்துவருகிறார்கள். பல் மருத்துவமனைகளின் அன்றாட வழக்கமாக அது இன்னும் ஆகவில்லை. வீட்டு பேட்டரியை வாயில் வைத்துப் பார்ப்பதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

இந்தச் சிகிச்சையைத் தமிழில் ‘மின்தூண்டல்’ என்கிறோம். இயற்பியல் பாடநூல் வேறொரு பொருளில் அதே சொல்லை வைத்திருப்பதால் குழப்பம் வருகிறது, மாற்ற வேண்டும் என்பார்கள். மாற்றக்கூடாது என்பது என் கருத்து. எரிகிற விளக்கின் திரியை முன்னே தள்ளிவிடுவதைத் தூண்டுதல் என்கிறோம், அதற்கான குச்சி தூண்டுகோல். அந்தக் குச்சி நெருப்பைக் கொண்டுவருவதில்லை. சுடர் முன்பே திரியில் இருக்கிறது.