ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் எழுதும் பழக்கமும்

தமிழ் உரைநடை பெரும்பாலும் இலக்கண இலக்கிய உரைகளிலும், கிறித்தவச் சமய நூல்களிலும், கடிதம், கணக்கு, முறையீடு போன்ற ஆவணங்களிலுமே வழங்கிவந்த 18ஆம் நூற்றாண்டில், புலவர் மரபைச் சாராத வணிகர் ஒருவர் புதுச்சேரியில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதிவந்தார். அவர் 1709இல் பிறந்து 1761 ஜனவரியில் மறைந்த ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்சின் காலத்தில் தலைமைத் துபாஷியாக, அதாவது ஐரோப்பியருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் வணிக, அரசியல் இடையாளராகவும் விளங்கிய அவர், 1736 செப்டம்பர் 6ஆம் நாள் இக்குறிப்பைத் தொடங்கினார்.

கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும், கப்பல்கள் வந்ததையும் போனதையும் எழுதிவைப்பதே தம் நோக்கம் என்று தொடக்கத்திலேயே அவர் வரையறுத்துக்கொண்டார். அன்றாட வரவுசெலவைத் தேதிவாரியாகப் பதியும் நாள்வழிக் கணக்கும், அதை இனவாரியாகப் பிரித்தெழுதும் பேரேடும் வணிகர் வாழ்வில் ஊறிப்போனவை என்பதால், நாள் தவறாமல் எழுதும் ஒழுங்கு அவருக்குப் புதியதன்று. கணக்கில் இருந்த அந்த ஒழுங்கைச் செய்திக்கும் பேச்சுக்கும் விரித்ததே அவர் செய்த புதுமை எனலாம். ஆண்டு, மாதம், தேதி, கிழமை ஆகியவற்றை முதலில் எழுதி, காலையில் கவர்னர் மாளிகைக்குச் சென்றது, அங்கு நடந்த உரையாடல், பின்னர்த் தம் பாக்குக் கிடங்கில் அமர்ந்து கேட்ட செய்தி, துறைமுகத்துக்கு வந்த கப்பல், கோட்டையில் முழங்கிய பீரங்கிகள் என்று அவர் வரிசையாக எழுதிச் செல்கிறார். அன்றைய பேச்சுத்தமிழில், பிரெஞ்சு, உருது, தெலுங்குச் சொற்களை விலக்காமல் எழுதியதனால், நடையைப் பற்றிய கவலை அவருடைய கையைத் தடுக்கவில்லை.

இப்பழக்கம் தொடக்கத்திலிருந்தே நிறைவாக அமைந்துவிடவில்லை என்பது கருதத்தக்கது. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில், முதல் தொகுதி 1736 முதல் 1746 வரையிலான ஏறத்தாழப் பத்து ஆண்டுகளை அடக்க, இரண்டாம் தொகுதி 1746ஆம் ஆண்டின் சில மாதங்களுக்கே போதுமானதாயிற்று. சில பகுதிகள் கிடைக்காமற்போனதும், அவ்வாண்டில் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியதனால் செய்திகள் பெருகியதும் இதற்குக் காரணங்களே; எனினும், ஓரிரு வரிகளோடு நின்ற நாள்களிலும் எழுதிப் பழகிய கையே, பெரிய நிகழ்ச்சிகள் வந்தபோது அவற்றை விரிவாகப் பதியும் வலிமையைப் பெற்றிருந்தது. 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை, யார் என்ன சொன்னார், யார் கலங்கினார் என்பதுவரை அவர் எழுதிவைத்திருப்பது இதற்குச் சான்றாகும்.

அச்சேறும் என்ற எதிர்பார்ப்போடு எழுதப்படாத இக்குறிப்புகள், 1846இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் வெளியுலகின் கவனத்துக்கு வந்தன. அதற்கு முன்பே புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதும் மரபு வேர்விட்டிருந்தது; இரண்டாம் வீராநாயக்கர் என்பவர் 1778 முதல் 1792 வரையிலான நிகழ்ச்சிகளை நாட்குறிப்பாக எழுதினார்; பிள்ளையின் குடும்பத்தாரும் எழுதினர். தென்னிந்தியாவில் நடந்த ஆங்கிலேய பிரெஞ்சுப் போட்டியை இன்று ஆராய்வோர் எவரும் பிள்ளையின் நாட்குறிப்பை ஒதுக்கிவிட இயலாது.

எழுதத் தொடங்குவோர்க்கு இவ்வரலாறு தரும் படிப்பினை தெளிவானது. எழுதும் மனநிலை வாய்க்கட்டும் என்று காத்திராமல் தேதியை எழுதித் தொடங்குவதும், எழுதும் பொருளின் எல்லையை முன்னரே வகுத்துக்கொள்வதும், சொல்வதற்கு மிகுதியாக இல்லாத நாளில் ஒரு வரியோடு நிறைவடைவதும், இடையில் விட்டுப்போனால் மறுபடி தொடர்வதுமே பழக்கத்தை நிலைநிறுத்தும். மொழித்திறன் முதிர்ந்த பின்னரே எழுதுவது என்று ஒத்திப்போடுவோர், திறன் முதிர்வதற்கான வழியையே அடைத்துக்கொள்கின்றனர். ஆதலால் இன்றைய தேதியிட்டு ஒரு பத்தியேனும் எழுதிவிடுவதே அவர்கள் செய்யத்தக்க முதற்பணி.