புதிய கொதிகலனின் வேதிச் சுத்திகரிப்பு: சோடாவிலிருந்து ஈ.டி.டி.ஏ. வரை

புதிதாக நிறுவிய கொதிகலனின் உட்புறம் சுத்தமாக இருப்பதில்லை. எஃகுக் குழாயைப் பழுக்கக் காய்ச்சி உருட்டும்போதே அதன்மேல் கருநிற இரும்பு ஆக்சைடு செதிலாகப் படிந்துவிடுகிறது. கிடங்கிலும் கட்டுமானத் தளத்திலும் கிடக்கும் மாதங்களில் துரு ஏறுகிறது. போதாக்குறைக்கு, துரு பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயும் வெல்டிங் கசடும் மணலும் சேர்கின்றன. இவற்றை அகற்றாமல் நெருப்பு மூட்டினால் எண்ணெயானது, நீரிலிருந்து நீராவி பிரியும் கலமான டிரம்மில் நுரை கிளப்பி, நீரை நீராவியோடு இழுத்துச் செல்லும். பெயர்ந்த செதில் வெப்பம் மிகுந்த இடத்தில் போய்ப் படிந்தால், அங்கே குழாய் அளவுமீறிச் சூடேறி வெடிக்கும்.

ஃபேர்பேர்னும் ஹெதரிங்டனும் 1844இல் காப்புரிமை பெற்ற லங்காஷயர் கொதிகலன் காலத்தில் இதற்கு எளிய வழி போதுமானதாக இருந்தது. சலவைச் சோடாவோ காஸ்டிக் சோடாவோ கலந்த நீரை நிரப்பி, இளந்தீயில் காய்ச்சி, அடியில் தங்கிய சேற்றை அவ்வப்போது வெளியேற்றினார்கள். காரம் எண்ணெய்ப் பசையைக் கரைக்கும். ஆனால் ஆக்சைடுச் செதிலைக் கரைக்காது. அழுத்தம் குறைவாக இருந்ததால் அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. அமிலத்தைப் பற்றி நினைக்கவும் முடியாது. ரிவெட் அடித்த மூட்டுகளின் இடுக்கில் புகுந்த அமிலத்தை எவ்வளவு அலசினாலும் முழுதாக வெளியேற்ற இயலாது. காரமே அந்த இடுக்குகளில் செறிந்து எஃகை விரிசலடையச் செய்கிறது என்பதை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாரும் ஸ்ட்ராபும் 1920களில் ஆராய்ந்து விளக்கினார்கள்.

அமிலத்துக்கு வழி திறந்தது கொதிகலன் துறையிலிருந்து அல்ல, எண்ணெய்க் கிணற்றிலிருந்து. ஓஹாயோவின் லைமா பகுதியில் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து ஊற்றைப் பெருக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கிணற்றில் செலுத்தும் முறைக்கு ஹெர்மன் ஃபிராஷ் 1896இல் காப்புரிமை பெற்றார். அமிலம் பாறையோடு சேர்த்துக் கிணற்றின் இரும்புக் குழாயையும் தின்றது. 1932இல் மிச்சிகனில் டவ் கெமிக்கல் நிறுவனத்தார் ஆர்செனிக் சேர்மத்தை அரிப்புத் தடுப்பானாகக் கலந்து அதே அமிலத்தைச் செலுத்தியபோது குழாய் தப்பியது. அதே ஆண்டு இத்தொழிலுக்கெனத் தொடங்கப்பட்ட டவெல் நிறுவனம் பின்னர் கொதிகலன்களைச் சுத்தம் செய்வதிலும் இறங்கியது. ரிவெட்டுக்குப் பதிலாக வெல்டிங் செய்த டிரம்கள் பரவி, அமிலம் தங்கும் இடுக்குகள் மறைந்ததும் இதே பத்தாண்டில்தான். அமிலமோ முன்பே கையில் இருந்தது; எனவே இவ்வரலாற்றின் உண்மையான திருப்புமுனை அமிலமல்ல, தடுப்பான் என்றே சொல்ல வேண்டும்.

தடுப்பானுக்கும் எல்லை உண்டு. ஏறத்தாழ 5 சதவீத அமிலத்தை 65 முதல் 70 பாகை செல்சியஸில் கொதிகலனுக்குள் சுழலவிடுவார்கள். சூடு அதற்கு மேல் ஏறினால் தடுப்பான் செயலிழக்கத் தொடங்கும். செதில் கரையும்போது உண்டாகும் ஃபெரிக் அயனியோ வெற்று எஃகைத் தானே தாக்கக்கூடியது. வழக்கமான தடுப்பான் அதை நிறுத்தாது. அமிலத்தை வடித்தெடுக்க முடியாத சூப்பர்ஹீட்டர் குழாய்களை முன்கூட்டியே தூய நீரால் நிரப்பிவைப்பதும், ஹைட்ரஜன் வெளிவருவதால் அருகில் தீப்பொறியே கூடாது என்று காவல் வைப்பதும் இதனால் கட்டாயமாயின. குறித்த இடைவெளியில் எடுத்த மாதிரியில் கரைந்த இரும்பின் அளவு முதலில் வேகமாக ஏறும், பிறகு மெல்ல நிலைத்துவிடும். அதுவே கரையவேண்டியது கரைந்துவிட்டது என்பதற்கு அடையாளம். வடித்த பின் பளிச்சென்றிருக்கும் எஃகு காற்றுப் பட்ட சிறிது நேரத்தில் செம்மண் நிறமாகிவிடும் என்பதால், நைட்ரஜன் வாயுவின் அழுத்தத்தில் அமிலத்தை வெளியேற்றி, நீரால் அலசி, காரக் கரைசலில் மெல்லிய காப்புப்படலம் உருவாக்கும் கட்டம் சேர்க்கப்பட்டது.

டிரம் இல்லாத கொதிகலன் வந்ததும் இம்முறை தடுமாறியது. மார்க் பென்சன் 1920களின் தொடக்கத்தில் காப்புரிமை கோரிய ஒருவழிக் கொதிகலனில் நீர் ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் நீராவியாக வெளிவரும். அழுக்கைத் தங்கவைத்து வெளியேற்ற டிரம் இல்லை. எஞ்சியது குழாயில் படியும், அல்லது டர்பைனுக்குப் போகும். 1957இல் ஓஹாயோவின் ஃபைலோ மின்நிலையத்தில் ஏறத்தாழ 310 பார் அழுத்தத்தில் இயங்கத் தொடங்கிய ஆறாவது அலகு இவ்வகையை மீமாறுநிலை அழுத்தத்துக்குக் கொண்டுசென்றது. இத்தகைய அலகுகளின் வெப்பம் மிகுந்த பகுதிகளில் பயன்படும் ஆஸ்டெனைட் வகைத் துருவேறா எஃகைக் குளோரைடு விரிசலடையச் செய்யும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அங்கே விலக்கப்பட்டு, அம்மோனியா சேர்த்த சிட்ரிக் அமிலமும், ஹைட்ராக்சிஅசிட்டிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் சேர்ந்த கலவையும் இடம்பிடித்தன. ஜெர்மனியில் செதிலை விரைவாகக் கரைக்கும் நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வழக்கத்துக்கு வந்தது.

ஃபெர்டினாண்ட் முன்ஸ் 1935இல் உருவாக்கிய, உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்னும் சேர்மம் இதன் அடுத்த படி. அதன் அம்மோனியம் உப்பு, pH 9 அளவிலான காரநிலையிலேயே, ஏறத்தாழ 130 முதல் 150 பாகை வெப்பத்தில் இரும்பைப் பற்றிக் கரைக்கிறது. பிறகு அதே கரைசலைக் குளிரவைத்துக் காற்றைச் செலுத்தினால் காப்புப்படலமும் உருவாகிவிடும். பலமுறை நிரப்பி வடிக்கும் வேலையும் நீரும் மிச்சம். ஆனால் அது நுண்ணுயிரிகளால் எளிதில் சிதையாது. கன உலோகங்களை நீரிலேயே கரைத்துவைத்திருக்கும். சிட்ரிக் அமிலம் எளிதில் சிதையும். ஹைட்ரோஃபுளோரிக் கழிவைச் சுண்ணாம்பிட்டுக் கால்சியம் ஃபுளோரைடாகப் படியவைக்கலாம். ஆகவே இன்று கரைசலைத் தேர்ந்தெடுக்கும்போது எஃகின் வகைக்கு இணையாகக் கழிவுநீரின் போக்கிடமும் எண்ணப்பட வேண்டும். அதற்கு ஏற்பாடில்லாத இடத்தில் எந்தக் கரைசலையும் கொதிகலனில் ஏற்றக் கூடாது.