தொலைநோக்கியில் கேமரா பொருத்திய கதை

போன மாதம் நண்பனின் சின்னத் தொலைநோக்கியில் நிலவைப் பார்த்தேன். அடேங்கப்பா, எத்தனை பள்ளங்கள்! உடனே செல்போனைத் தொலைநோக்கியின் கண்வில்லையில் ஒட்டிப் பிடித்து ஒரு படம் எடுத்தேன். வந்ததோ வெறும் வெள்ளைத் திட்டு. இதை முதன்முதலில் செய்தவர்கள் எப்படித்தான் சமாளித்தார்கள் என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

பிரான்சில் டாகர் தன் புகைப்பட முறையை 1839-ல் வெளியிட்டார். மறு ஆண்டே நியூயார்க்கில் வேதியியல் பேராசிரியர் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலவைப் படமெடுத்தார். அதற்குச் சுமார் 20 நிமிடங்கள் ஒளி விழ வேண்டியிருந்தது.

சிக்கலே இங்கேதான். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்வதுபோல் தெரிகிறது. தொலைநோக்கி நட்சத்திரத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறதோ இல்லையோ, இந்த நகர்வைப் பெரிதாக்கி விடும். ஆகவே கேமராவைப் பொருத்தினால் மட்டும் போதாது. வானத்தோடு சேர்ந்து தொலைநோக்கியையும் திருப்ப ஒரு கடிகாரப் பொறி வேண்டும்.

1850 ஜூலையில் ஹார்வர்டு வான் ஆய்வகத்தில் வில்லியம் பாண்டும் புகைப்படக்காரர் விப்பிளும் 15 அங்குலத் தொலைநோக்கியில் வேகா நட்சத்திரத்தைப் படமெடுத்தார்கள். நம் ஊரில் அபிஜித் என்று சொல்வோமே, அதுதான். சூரியனைத் தவிர்த்து, முதலில் படமான நட்சத்திரம் அதுவே. சுமார் 100 விநாடி ஆயிற்று. ஆனால் அங்கிருந்த கடிகாரப் பொறி சீராக ஓடவில்லை. மங்கலான நட்சத்திரங்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிறகு வந்த ஈரத் தகடுகள் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். நீண்ட நேரம் ஒளி விழ வைக்க முடியாது. உலர் தகடு வந்த பிறகுதான் வழி பிறந்தது. 1880 செப்டம்பர் 30 அன்று முன்பு சொன்ன டிரேப்பரின் மகன் ஹென்றி டிரேப்பர் 51 நிமிடம் ஒளி விழ வைத்து ஓரியன் நெபுலாவைப் படமெடுத்தார். ஒரு நெபுலாவின் முதல் புகைப்படம் அது. தகப்பன் நிலவில் தொடங்கியதை மகன் நெபுலா வரை கொண்டு போனார். இரண்டே ஆண்டில், 45 வயதில், அவர் காலமாகிவிட்டார் என்பதுதான் வருத்தம்.

1883-ல் லண்டன் அருகே ஈலிங்கில் ஆண்ட்ரூ காமன் தன் தோட்டத்திலிருந்த 36 அங்குலத் தொலைநோக்கியில் அதே நெபுலாவை எடுத்தார். அவர் தொழில்முறை வானியலாளர் அல்ல, பொறியாளர். அந்தத் தகட்டில், அதே தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் பதிந்திருந்தன!

இது எப்படி? நம் கண் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் ஒளியைச் சேர்த்து வைக்காது. தகடு சேர்த்து வைக்கும். சொட்டுகிற குழாயடியில் குடம் வைத்தது போல. அதுவரை வானியலாளர்கள் பார்த்ததைக் கையால் வரைந்து வைத்தார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். இனி அந்தச் சண்டை குறைந்தது, பார்வையின் எல்லையும் விரிந்தது.

இன்று கேமராவின் லென்சைக் கழற்றிவிட்டு, ஒரு வளையத்தால் தொலைநோக்கியோடு இணைக்கிறார்கள். தொலைநோக்கியே லென்சாகி விடுகிறது. கடிகாரப் பொறியின் வேலையை மோட்டார் செய்கிறது.

என் படம் ஏன் கெட்டது என்பதும் இப்போது புரிகிறது. அவர்களுக்கு ஒளி போதவில்லை, எனக்கோ அதிகமாகிவிட்டது. கையும் ஆடியிருக்கும். அடுத்த வளர்பிறை அஷ்டமிக்கு மறுபடி முயற்சி செய்யப் போகிறேன். நீங்களும் செய்து பாருங்கள்!