பதிவேட்டில் இல்லாத கட்டம்: மும்பைத் தொழுநோய்ப் பணியும் இடைக்கால மதிப்பீடும்

1991 மே மாதம் ஜெனீவாவில் கூடிய 44ஆவது உலக சுகாதாரப் பேரவை, 2000ஆம் ஆண்டுக்குள் தொழுநோயைப் 'பொதுச் சுகாதாரப் பிரச்சினை' என்ற நிலையிலிருந்து அகற்றுவதெனத் தீர்மானித்தது. அகற்றல் என்பதற்கு ஓர் எண் அளவுகோலாக வைக்கப்பட்டது: 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவான நோயாளிகள். அந்த எண்ணுக்குள் ஒரு வரையறையும் அடங்கியிருந்தது. மருந்துச் சிகிச்சை தேவைப்படுபவர் மட்டுமே நோயாளி. மருந்தை உண்டு முடித்த நாளில் ஒருவரது பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும். மடங்கிய விரல்கள், உணர்ச்சியற்ற பாதம், மூடாத இமை ஆகியவை அவரோடு எஞ்சியிருந்தாலும், அந்தக் கணக்கில் அவர் இல்லை.

பன்னாட்டு நிதியில் நடக்கும் ஒரு வளர்ச்சித் திட்டம் பாதி வழியில் நின்று தன்னை மதிப்பிடும்போது யாரை எண்ணுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்னும் கேள்வி இன்று மாற்றுத்திறனாளிகள் ஆய்வில் பரவலாக எழுப்பப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் 32ஆவது பிரிவு, பன்னாட்டு வளர்ச்சித் திட்டங்கள் மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்கியவையாக இருக்க வேண்டும் என்கிறது. இக்கேள்விக்கு மும்பையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. மாட்டுங்கா, செம்பூர், தாராவி என ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மூன்று இடங்களில் அதைப் படிக்கலாம்.

மாட்டுங்காவில் 1890 நவம்பரில் தொழுநோயாளர் காப்பகம் ஒன்று திறக்கப்பட்டது. பம்பாய் மாநகராட்சி ஆணையர் எச். ஏ. ஆக்வர்த் முன்னின்று அமைத்த அந்த நிறுவனமே இன்று வடாலாவில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் மாநகராட்சித் தொழுநோய் மருத்துவமனை. தொடக்கத்தில் அதற்கு இடப்பட்ட பெயர் 'வீடற்ற தொழுநோயாளர் காப்பகம்' என்று பொருள்படுவது. நோக்கத்தை அப்பெயரே சொல்லிவிடுகிறது. நகரத் தெருக்களில் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த ஏழை நோயாளிகளை அங்கிருந்து அகற்றுவதே முதற்பணி. வீடும் வசதியும் உள்ள நோயாளி அக்கணக்கில் சேரவில்லை.

அதே காலத்தில் பன்னாட்டு அளவிலான ஒரு மதிப்பீடும் நடந்தது. ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய அருட்தந்தை டேமியன் 1889இல் இறந்ததையடுத்து இலண்டனில் தேசியத் தொழுநோய் நிதி தொடங்கப்பட்டது. அது அனுப்பிய ஆணைக்குழு 1890-91இல் இந்தியாவில் ஆய்வு செய்து, நோய் மிகக் குறைந்த அளவிலேயே தொற்றுகிறது என்றும், கட்டாயத் தனிமைப்படுத்தலுக்குப் போதிய காரணம் இல்லை என்றும் முடிவு கூறியது. நிதியின் பொறுப்பாளர்களோ அம்முடிவுகளை முழுமையாக ஏற்கவில்லை. 1897இல் பெர்லினில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழுநோய் மாநாடு தனிமைப்படுத்தலை ஆதரித்தது. மறு ஆண்டு இந்தியாவில் தொழுநோயாளர் சட்டம் பிறந்தது. வறிய நோயாளிகளைப் பிடித்துக் காப்பகத்துக்கு அனுப்பவும், உணவு தயாரித்து விற்றல் முதலான தொழில்களையும் பொதுக் கிணற்றில் நீர் எடுப்பதையும் தடைசெய்யவும் 1898ஆம் ஆண்டின் அச்சட்டம் வழிவகுத்தது. கள ஆய்வின் முடிவு ஒன்றாகவும் கொள்கையின் போக்கு வேறாகவும் அமைந்தன. அச்சட்டம் நாடாளுமன்றத்தால் நீக்கப்பட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செம்பூரில் இந்தப் பார்வை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பிடிபட்டவர்களை இல்லங்களில் அடைத்துவைக்க அதிகாரம் அளித்தது. செம்பூரில் அத்தகைய அரசு இல்லம் ஒன்று உண்டு. அடைக்கப்பட்டவர் தொழுநோயாளி எனத் தெரிந்தால் அவரைத் தொழுநோய்க் காப்பகத்துக்கு மாற்றவும் அச்சட்டத்தின் 26ஆவது பிரிவு இடமளித்தது. நோயால் கை இழந்து, கை இழந்ததால் வேலை இழந்து, வேலை இழந்ததால் பிச்சையெடுத்தவர் சட்டத்தின் பார்வையில் முதலில் குற்றவாளி, பிறகு நோயாளி. ஊனமுற்ற குடிமகன் என்ற மூன்றாவது தகுதி அதில் எங்கும் இல்லை.

தாராவியில் வேறொரு வகைப் பணி தொடங்கியது. ஆக்வர்த் மருத்துவமனையோடு இணைந்து பணியாற்றிய டாக்டர் ஆர். கணபதி 1976இல் பம்பாய்த் தொழுநோய்த் திட்டம் என்ற தன்னார்வ நிறுவனத்தைச் சயான்-சுனாபட்டியில் நிறுவினார். 1957இல் வூர்ட்ஸ்பர்க் நகரில் தொடங்கப்பட்ட ஜெர்மன் தொழுநோய் நிவாரணச் சங்கம் அதற்குத் துணைநின்றது. காப்பகத்தின் மதிலுக்குள் நோயாளியை வரவழைப்பதற்குப் பதிலாக, பள்ளிகளிலும் குடிசைப் பகுதிகளிலும் சென்று நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவது அதன் வழிமுறை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் தாராவி அதன் முக்கியமான களங்களுள் ஒன்று.

குடிசைப் பகுதிக் கணக்கெடுப்பு கிராமத்தில் நடத்தும் கணக்கெடுப்பைப் போன்றதன்று. பகலில் வீடுவீடாகச் சென்றால் வேலைக்குப் போனவர்கள் இருக்க மாட்டார்கள். சென்ற ஆண்டு பதிவான நோயாளி இந்த ஆண்டு வேறு சந்தில், வேறு புறநகரில், அல்லது சொந்த ஊரில் இருப்பார். ஒற்றை அறை வீட்டில் ஒரு பெண்ணின் முதுகிலுள்ள தேமலை ஆண் ஊழியர் பரிசோதிக்க இயலாது. 'கண்டறியப்பட்டோர்' என்ற எண்ணை வாசிக்கும்போது இந்த விடுபடல்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

ஊனம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தாராவியின் தொழில்கள் தெளிவாகக் காட்டும். தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்குகிறது. முழங்கைக்குப் பின்னுள்ள நரம்பு பாதிக்கப்பட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உணர்ச்சி இழந்து, பின் மடங்கத் தொடங்குகின்றன. தோல் வெட்டும் கத்தி, கும்பார்வாடாவின் சூளை, தையல் எந்திரத்தின் ஊசி, அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரம் ஆகிய எதையும் உணராத கை எச்சரிக்கை பெறுவதில்லை. வலி இல்லாததால் புண் கவனிக்கப்படுவதில்லை. புண் ஆழமாகி எலும்பைத் தொடுகிறது. விரல்கள் குட்டையாவதற்குப் பெரும்பாலும் காரணம் கிருமி நேரடியாக அவற்றை அழிப்பதன்று. உணர்ச்சியற்ற உறுப்பில் மீண்டும் மீண்டும் ஏற்படும் காயமும் சீழுமே. வேலூரில் பால் பிராண்ட் 1940களின் இறுதியிலிருந்து செய்த ஆய்வும் அறுவைச் சிகிச்சையும் இந்த உண்மையை உலகுக்கு நிறுவிக் காட்டின. கைக்கு மறுசீரமைப்பும், காலுக்கு மென்ரப்பர் செருப்பும், நாள்தோறும் செய்யவேண்டிய சுயபராமரிப்பும் தொழுநோய்ப் பணியின் பகுதிகளாயின.

1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் ஆகியவற்றைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 1983இல் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது இந்தியாவில் 10,000 பேருக்கு 57.8 நோயாளிகள் என்ற நிலை இருந்தது. 1993 முதல் உலக வங்கியின் கடனுதவி கிடைத்தது. பின்னர் மருந்து இலவசமாகவே உலகெங்கும் வழங்கப்பட்டது. இந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிட இயலாது. கோடிக்கும் மேற்பட்டோர் உலக அளவில் கிருமியிலிருந்து விடுபட்டனர். உரிய காலத்தில் மருந்து கிடைத்ததால் ஊனம் தவிர்க்கப்பட்டவர்களும் அவர்களுள் மிகப் பலர்.

ஆயினும் கூட்டு மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, ஏற்கெனவே சிதைந்த நரம்பைத் திருப்பித் தராது. சிகிச்சை முடிந்த பின்னரும் எதிர்வினைகள் தோன்றி நரம்பைத் தாக்கக்கூடும். சில மாதங்களுக்குள் ஸ்டீராய்டு கொடுத்தால் மீட்கலாம், தவறினால் நிரந்தர ஊனம். மருத்துவக் கண்காணிப்பு மிகவும் வேண்டப்படும் கட்டத்தில்தான் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கியிருந்தது. சிகிச்சை முடிந்தோரின் ஊனத் தடுப்பையும் பம்பாய்த் தொழுநோய்த் திட்டம் தன் பொறுப்பாக மேற்கொண்டதன் முக்கியத்துவம் இங்கே விளங்கும். தேசிய இலக்கின் அளவுகோலில் அந்த உழைப்புக்கு மதிப்பெண் ஏதுமில்லை.

இலக்கு நெருங்க நெருங்க அளவுகோலின் விளைவு கூர்மையானது. கிருமி மிகுந்த வகை நோய்க்கு 24 மாதமாக இருந்த சிகிச்சையை 12 மாதமாகக் குறைக்கலாம் என்று 1997இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூறியது. ஒரே ஒரு தேமல் உடையவருக்கு ஒற்றை வேளை மருந்தே போதும் என்றும் பரிந்துரைத்தது. மருத்துவக் காரணங்கள் எவையாயினும் கணக்கியல் விளைவு உடனடியானது. ஈராண்டு பதிவேட்டில் இருந்தவர் ஓராண்டில் வெளியேறினார். ஒற்றை வேளை மருந்து உண்டவர் பதிவேட்டில் தங்கவே இல்லை. நோய் பரவும் வேகம் மாறாவிட்டாலும் பரவல் விகிதம் குறையும். 2001 முதல் தனித் தொழுநோய் ஊழியர் அமைப்பு பொதுச் சுகாதாரச் சேவையோடு இணைக்கப்பட்டு, வீடுவீடான தேடல் சுருங்கியது. 2001இல் 6 லட்சத்தைத் தாண்டியிருந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 2005இல் 1.7 லட்சத்துக்குள் வந்தது. கிருமி உடலில் நுழைந்து அறிகுறி தோன்றச் சில ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகள்கூட, ஆகும் ஒரு நோய் நான்கே ஆண்டுகளில் இவ்வளவு குறைய இயலுமா என்று அப்போதே பலர் ஐயம் எழுப்பினர். 2005 டிசம்பர் இறுதியில் இந்தியா இலக்கை எட்டியதாக அறிவிக்கப்பட்டது.

விடுபட்டவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு விடை அடுத்த பத்தாண்டின் புள்ளிவிவரங்களில் உள்ளது. புதிதாகக் கண்டறியப்பட்டோரில், கண்ணுக்குத் தெரியும் ஊனத்தோடு, அதாவது இரண்டாம் நிலை ஊனத்தோடு, வந்தவர்களின் பங்கு 2010-11இல் 3.1 விழுக்காடாக இருந்து 2014-15இல் 4.6 விழுக்காடாக உயர்ந்தது. மக்கள் தாமதமாகவே கண்டறியப்பட்டார்கள் என்பது இதன் பொருள். 2016இல் மீண்டும் வீடுவீடான தேடல் இயக்கம் தொடங்கப்பட்டது. 2016-17இல் புதிய நோயாளிகள் சுமார் 1.35 லட்சம்.

அளவுகோல் மாறாமலும் இல்லை. 2007இல் தேசியத் திட்டத்துக்குள் ஊனத் தடுப்பு மற்றும் மருத்துவ மறுவாழ்வுப் பிரிவு சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் இந்தியா ஐ.நா. உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தது. 2011-15 காலத்துக்கான உலக சுகாதார நிறுவனத்தின் உத்தி, இரண்டாம் நிலை ஊனத்தோடு வரும் புதிய நோயாளிகளின் விகிதத்தை 35 விழுக்காடு குறைப்பதை இலக்காக வைத்தது. பரவல் விகிதத்திலிருந்து ஊனத்துக்குக் கவனம் நகர்ந்தது பெரிய திருத்தம்.

இத்திருத்தத்தின் எல்லையையும் கவனிக்க வேண்டும். புதிய அளவுகோல் ஊனத்தை நோய் கண்டறியப்படும் நாளில் மட்டுமே அளக்கிறது. தாமதத்தை அறிய அது நல்ல கருவி. ஊனத்தோடு வாழும் வாழ்க்கையை அறிய உதவாது. சிகிச்சைக்குப் பின் ஊனமுற்றவர் அதில் வரமாட்டார். வெளியே தெரியாமல் உணர்ச்சி மட்டும் இழந்த முதல் நிலை ஊனமும் வராது. மறுபுறம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 'தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்' என்ற வகையின் கீழ், வெளிப்படையான உருக்குலைவு இல்லாத உணர்ச்சியிழப்பையும் ஏற்கிறது. சட்டம் காணும் மனிதரைச் சுகாதாரத் திட்டத்தின் மதிப்பீடு காண்பதில்லை. தாராவியில் தோல் தைக்கும் ஒருவர் ஓர் அலுவலகத்தில் குணமடைந்தவர், மற்றோர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி. இரண்டு பதிவேடுகளும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

கருவிகள் இல்லாத குறை என்றும் சொல்ல முடியாது. இந்தியா, நேபாளம், பிரேசில் ஆகிய நாடுகளில் உருவாக்கப்பட்டு 2006இல் வெளியான பங்கேற்பு அளவுகோல் 18 கேள்விகளைக் கொண்டது. வேலை தேடும் வாய்ப்பு, திருவிழாவில் கலந்துகொள்ளல், ஊருக்குள் நடமாட்டம், வீட்டில் கிடைக்கும் மதிப்பு ஆகியவற்றில் ஒருவர் தம்மைத் தம்மையொத்த அண்டை அயலாரோடு ஒப்பிட்டு விடை சொல்கிறார். அந்த விடைகளைக் காலமுறைப்படி திரட்டினால், திட்டம் பாதி வழியில் இருக்கும்போதே யாருடைய வாழ்வு மாறவில்லை என்பது தெரியவரும். ஊழியர் செலவும் நேரமும் கூடும் என்பது உண்மை. மேலும், இதில் வரும் எண் விரைந்து இறங்கிக் காட்டாது. கொடையாளருக்குக் காட்ட எளிதான எண்ணைத் திட்டங்கள் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இறுதி மதிப்பீடு வருவதற்குள் நிதி முடிந்திருக்கும், ஊழியர் கலைந்திருப்பர், இலக்கு அறிவிக்கப்பட்டிருக்கும். பதிவேட்டில் ஒரு கட்டத்தைச் சேர்க்க வாய்ப்புள்ள கடைசி நேரம் இடைக்கால மதிப்பீடே. 1990களில் அந்த வாய்ப்பு இருந்தது. களத்தில் ஊனத்தைக் கண்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் கண்டது இலக்கின் வரையறையை மாற்றவில்லை. தொழுநோயற்ற நிலையை நோக்கிய 2021-30 உத்தி, இரண்டாம் நிலை ஊனத்தோடு வரும் புதிய நோயாளிகளின் விகிதத்தை 90 விழுக்காடு குறைக்க முனைகிறது. இந்தியாவின் தேசியத் திட்டமோ 2027க்குள் நோய்ப் பரவலை நிறுத்தும் இலக்கை வைத்துள்ளது. உலக உத்தியின் பாதிவழி 2025-26இல் வருகிறது. சிகிச்சை முடித்தவர்களின் கையையும் பாதத்தையும் ஆண்டுதோறும் பரிசோதித்து எழுதிவைக்க ஒரு கட்டம் இம்முறையாவது திறக்கப்படுமா என்பதே அந்த மதிப்பீட்டிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி.