புதுத்துறையின் முகங்கள்

எடின்பரோ மாநகருக்கு வடக்கே, ஃபோர்த் கழிமுகத்தின் தென்கரையில், நியூஹேவன் என்னும் மீனவச் சிற்றூர் இருந்தது. இன்று அது மாநகரின் ஒரு பகுதி. 'புதுத்துறை' என்பதே அப்பெயரின் பொருள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ், போர்க்கப்பல் கட்டுவதற்கென அத்துறையை அமைத்தார். 1511இல் அங்கிருந்து நீரில் இறக்கப்பட்ட 'கிரேட் மைக்கேல்' அந்நாளின் மாபெரும் கப்பல்களுள் ஒன்று. அன்னை மரியாளுக்கும் புனித யாகப்பருக்கும் அங்கே ஒரு சிற்றாலயம் எழுந்தது. அன்னையின் அருள்துறை என்றும் ஊருக்குப் பெயர் வழங்கிற்று. 1560இல் ஸ்காட்லாந்து சீர்திருத்த சபையைத் தழுவியது. ஆலயம் வழிபாடிழந்து சிதைந்து, சுவரின் ஒரு சிறு பகுதியே எஞ்சியது. அன்னையின் பெயரைத் தாங்கிய ஊர் என்பதால் நமக்கு அதன்மீது பற்று உண்டாகலாம். உலகம் அதை அறிந்திருப்பதோ, அக்கரை மக்களின் முகங்களால்.

நிழற்படக் கலை அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது. வெள்ளி உப்புகள் பூசிய தாளில் எதிர்ப்படம் எடுத்து, அதிலிருந்து எத்தனை படிகளும் அச்சிட்டுக்கொள்ளும் 'கலோடைப்' முறைக்கு, ஃபாக்ஸ் டால்பட் 1841இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமை ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தவில்லை. எனவே எடின்பரோவின் வழக்கறிஞர்கள் சிலர் நண்பர்களாகக் கூடி, 1840களின் தொடக்கத்திலேயே 'எடின்பரோ கலோடைப் சங்கம்' கண்டனர். உலகின் முதல் நிழற்படச் சங்கங்களுள் ஒன்று என அதனைச் சொல்வர். காஸ்மோ இன்னஸ், ஜான் கே போன்ற கற்றறிந்த கனவான்கள் அதில் இருந்தனர். கோட்டைகளையும் இடிபாடுகளையும் தத்தம் உறவினரையும் அவர்கள் எடுத்த படங்கள் இரு தொகுப்பேடுகளாக இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்ற அளவில் அவை அருமையானவை. ஆனால் அன்றாடம் மீன் கூடையுடன் தங்கள் வீட்டு வாசலுக்கு வரும் பெண்ணைக் கருவியின் முன் உரிய மதிப்போடு நிறுத்திக் காட்டும் பணி, அச்சங்கத்தாரைவிட வேறிருவரையே சார்ந்து நின்றது.

ஒருவர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்னும் ஓவியர்; மற்றவர் அவரைவிடப் பத்தொன்பது வயது இளையவரான ராபர்ட் ஆடம்சன். இருவரையும் இணைத்தது ஒரு திருச்சபைப் பிளவு. போதகர்களை நியமிக்கும் உரிமை நிலப்பிரபுக்களிடம் இருப்பதை ஏற்க மறுத்து, 1843 மே மாதம் நானூற்றைம்பதுக்கும் மேற்பட்ட போதகர்கள் வீட்டையும் ஊதியத்தையும் துறந்து வெளியேறினர். அக்காட்சியைப் பெரும் ஓவியமாகத் தீட்ட முனைந்த ஹில், அத்தனை முகங்களையும் எவ்வாறு வரைவது எனத் திகைத்தபோது, இயற்பியல் அறிஞர் டேவிட் புரூஸ்டர் ஆடம்சனின் கருவியைப் பயன்படுத்தும் வழியைக் காட்டினார். ஓவியம் முடிந்தது 1866இல்தான்! அதற்குள் அத்துணைக்கருவியே பெரிய கலையாகிவிட்டது.

அவ்விருவரும் நியூஹேவன் கரைக்குச் சென்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தனர். அக்காலக் கருவியின் தாமதத்தை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். நல்ல வெயிலிலும் சில நொடிகள் முதல் ஒரு நிமிடத்துக்கு மேலும் அசையாதிருத்தல் வேண்டும். எனவே அலை பதியாது. ஓடும் படகு பதியாது. துள்ளும் மீன் பதியாது. கரையேற்றிய படகில் சாய்ந்து நிற்கும் மீனவர், தூண்டிற்கயிற்றைச் சுத்தம் செய்யும் பாவனையில் வில்லி லிஸ்டன், தன் பிள்ளைகளுடன் ஜேம்ஸ் லின்டன், தந்தையின் பெரிய காற்சட்டையை அணிந்து நிற்கும் சிறுவன் ஆகியோரையே காண்கிறோம். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருப்பர். அது பாசம் மட்டுமன்று; அசையாதிருக்க ஒரு தாங்குதல் வேண்டியிருந்ததும் காரணம்.

இக்குறைபாட்டில் ஒரு நன்மையும் விளைந்தது என்பது நம் கருத்து. அறியாத நேரத்தில் ஏழையின் முகத்தைக் கவர்ந்துகொண்டு போக அக்கருவியால் இயலாது. எதிரே நிற்பவர் இசைந்து, பொறுத்து, தம் நேரத்தைக் கொடுத்தாலன்றிப் படம் இல்லை. அதனால்தான் அம்முகங்களில் அச்சமோ கெஞ்சலோ தெரிவதில்லை. ஆயினும் அவர்களது உழைப்பின் பெரும்பகுதி அப்படங்களுக்கு வெளியே நின்றுவிட்டது. கணவன் கொண்டுவந்த மீனைக் கூடையிலிட்டு, கூடையின் வாரை நெற்றியில் தாங்கி, மேட்டு நிலத்து நகருக்குச் சுமந்து சென்று, தெருத்தெருவாய்க் கூவி விற்றவர்கள் அப்பெண்கள். பாரம் ஐம்பது கிலோ வரையும் இருக்கும். தூண்டில்முட்களில் மட்டிச்சதை கோக்கும் வேலையும் அவர்களுடையதே. குனிந்து நடக்கும் அந்நடையைப் பதிக்க 1840களின் தாளுக்கு வேகம் போதவில்லை.

1844இல் ஹில், ஆடம்சன் இருவரும் ஆறு படத்தொகுதிகள் வெளியிடப்போவதாக அறிவித்தபோது, ஃபோர்த் கழிமுகத்து மீனவ ஆண்களும் பெண்களும் என்ற தொகுதியும் அவற்றுள் இருந்தது. அது வெளிவரவில்லை. 1848 சனவரியில் ஆடம்சன் மறைந்தார், வயது இருபத்தாறு. ஐந்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ மூவாயிரம் படங்களுக்குக் காரணமான அவரை அடுத்த தலைமுறை மறந்து, புகழ் முழுவதையும் ஹில்லுக்கே சூட்டியது. அவர்களுக்குத் துணைநின்ற ஜெஸ்ஸி மான் என்னும் பெண்ணின் பெயர் வெளிவர இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

1931இல் ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்ட்டர் பெஞ்சமின் நிழற்படத்தின் வரலாற்றை எழுதும்போது, விழி தாழ்த்தி நிற்கும் நியூஹேவன் மீன்காரி ஒருத்தியின் படத்தருகே நின்றுவிட்டார். அதில் கலைஞரின் திறமைக்குள் அடங்காத ஏதோ ஒன்று இருக்கிறது, அது வாழ்ந்த அப்பெண்ணின் பெயரைக் கேட்கிறது என்பது அவர் கருத்து. அவரும் ஹில்லின் பெயரையே சொன்னார், ஆடம்சனைச் சொல்லவில்லை. அப்பெண்ணின் பெயர் எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால். இன்று காட்சியகக் குறிப்பில் அது இடம்பெற்றிருக்கிறது. அவளுடைய ஊரார் பலர், 'மீனவர்', 'மீன் விற்கும் பெண்கள்' என்ற பொதுப்பெயருடன் மட்டுமே நிற்கின்றனர்.

இன்னொரு படத்தில் அவ்வூர்ப் போதகர் ஜேம்ஸ் ஃபேர்பேர்ன் மீனவப் பெண்கள் சூழ நூல் வாசிக்கிறார். சபை வேறாயினும் இவரை நாம் மதிப்புடன் குறிப்பிட வேண்டும். திறந்த சிறு படகுகள் புயலில் மூழ்கி உயிர்கள் பறிபோவதைக் கண்டு, மேல்தளமிட்ட பெரிய படகுகளை மீனவர் பெறுவதற்கு அவர் பின்னாளில் துணைநின்றார். வாசிப்பவரின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் அப்பெண்களுள் எவரும் கருவியைத் திரும்பிப் பார்க்கவில்லை.