அடிமை உழைப்பு கலவாத பருத்தி

அறவழி ஆடை என்பது புதிய கருத்தன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி பெரும்பாலும் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் பலர் அந்தத் துணியை வாங்க மறுத்தனர். அவர்களுள் ஒருவரான லீவை காஃபின், 1847இல் சின்சினாட்டி நகரில் அடிமை உழைப்பு கலவாத பொருள்களுக்கென மொத்த விற்பனைக் கடை நடத்தத் தொடங்கினார்.

கூலி கொடுத்து விளைவித்த பருத்தியை அவர் தேடி வாங்கினார். ஆனால் கொட்டை நீக்கும் இடத்தில் அடிமைகள் வேலை செய்தால் பயன் என்ன? எனவே மிசிசிப்பி மாநிலத்துக்கு அரைவை இயந்திரம் ஒன்றையே அனுப்பினார். சரக்கு போதிய அளவில் கிடைக்கவில்லை, விலையும் கூடுதல். 1857இல் அவ்வணிகத்திலிருந்து விலகினார்.

இன்று இயற்கைப் பருத்தி ஆடைக்கான 'காட்ஸ்' சான்றிதழும் அரைவை முதல் தையல் வரை கலப்பையும் தொழிலாளர் நிலையையும் சோதிக்கிறது. நியாய வணிக முத்திரை உழவருக்குக் குறைந்தபட்ச விலையை வகுக்கிறது. இவற்றுக்கான கூடுதல் விலையை வாங்குவோர் ஏற்காவிட்டால், காஃபின் கடைக்கு நேர்ந்ததே மீண்டும் நேரும்.